திறந்த வாயில்
இங்கிலாந்தின் உதைபந்தாட்டக் கிண்ணமும் அதற்குக் கழகங்கள் தகுதிபெறும் முறையும்

விளையாட்டுப் போட்டியொன்றின் முடிவைப் பற்றிப் பேசுவோர் பலர். அப்போட்டிக்குள் நுழையும் வாயிலைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. கிண்ணத்தை வென்றவர் யார், கோல் அடித்தவர் யார் என்பன மறுநாட் பத்திரிகையிற் பெரிய எழுத்தில் வருகின்றன. அப்போட்டியில் ஆட யாருக்கு இடங் கிடைத்தது, அந்த இடம் எவ்வாறு கிடைத்தது என்பனவோ விதிப்புத்தகத்தின் நடுப்பக்கங்களில் உறங்கிக் கிடக்கின்றன. ஆயினும், ஒரு போட்டியை நடத்துவோரின் நீதியுணர்வை அறிய விரும்புபவன் முதலிற் பார்க்கவேண்டியது வாயிலையே.

இவ்வெண்ணம் எனக்கு உண்டானது ஒரு சிறு மனக்குறையினால். யான் பயின்ற மிஷன் பாடசாலையில் ஐந்து இல்லங்கள் இருந்தன. ஆண்டுதோறும் அவற்றுக்கிடையே உதைபந்தாட்டம் நடைபெறும். தோற்றவர் விலக, வென்றவர் மேற்செல்லும் ‘நொக் அவுட்’ முறைதான். ஓராண்டு, முந்திய ஆண்டில் வென்ற இல்லம் நேரே இறுதியாட்டத்துக்குச் செல்லும் என்று தீர்மானித்தார்கள். மற்றைய நான்கு இல்லங்களும் தமக்குள் மோதின. எங்கள் இல்லம் ஒரே வாரத்தில் இரண்டு ஆட்டம் ஆடி, இரண்டு பேருக்குக் காலில் அடியும் பட்டு, மூன்றாவது ஆட்டமாகிய இறுதியாட்டத்துக்கு வந்தது. எதிரணியினர் மடிப்புக் குலையாத சட்டையுடன் வந்து இறங்கினார்கள். நாங்கள் மூன்று கோல்களால் தோற்றோம். “இது நியாயமா சேர்?” என்று விளையாட்டாசிரியரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, “தம்பி, இந்தப் போட்டியை உலகத்திலே முதன்முதல் தொடங்கினவர்களும் இப்படித்தான் செய்தவர்கள்” என்றார்.

பல்கலைக்கழகத்துக்கு வந்தபின் நூலகத்தில் அந்த வரலாற்றைத் தேடிப் படித்தேன். ஆசிரியர் கூறியது உண்மைதான். ஆனால் அவர் கூறாது விட்ட மற்றப் பாதியும் இருந்தது. அதனையே இக்கட்டுரையில் எடுத்துரைக்க விழைகின்றேன்.

கிண்ணத்தின் தோற்றம்

இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம் 1863ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் இலண்டன் மாநகரில் நிறுவப்பட்டது. முதல் எட்டு ஆண்டுகளில் அது விதிகளை வகுப்பதிலேயே காலங் கழித்தது. ஒரு பாடசாலையின் விதி மற்றொன்றுக்கு ஒவ்வாது. ஒரு கழகத்தின் வழக்கம் மற்றொன்றுக்குப் புதுமை. இவர்களையெல்லாம் ஒரே விதியின் கீழ் ஒரே போட்டியிற் பிணைக்கவேண்டும் என்று எண்ணியவர் சங்கத்தின் செயலாளராக இருந்த சாள்ஸ் அல்கொக் என்பவர். 1871ஆம் ஆண்டு யூலை 20ஆந் திகதி, ‘ஸ்போட்ஸ்மன்’ என்னும் பத்திரிகையின் காரியாலயத்திற் கூடிய கூட்டத்தில், சங்கத்தைச் சேர்ந்த கழகங்கள் யாவும் போட்டியிடுவதற்கு ஒரு கிண்ணம் ஏற்படுத்தவேண்டும் என்னும் பிரேரணையை அவர் முன்வைத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டே.

அல்கொக் ஹரோ என்னும் புகழ்பெற்ற பாடசாலையின் பழைய மாணவர். அங்கே இல்லங்களுக்கிடையே நொக் அவுட் முறையிற் போட்டி நடந்து, இறுதியில் வெல்லும் இல்லம் சிறப்புப் பெறுவது வழக்கம். அந்தப் பாடசாலை வழக்கத்தையே அவர் நாட்டளவுக்கு விரித்தார். எங்கள் பாடசாலைகளின் இல்ல முறையும் அதே மரத்தின் கிளையே. இலங்கையின் எவ்.ஏ. கிண்ணம் என்னும் பெயரும் அங்கிருந்து வந்ததே. கிரிக்கெட் அபிமானிகளுக்கு இன்னொரு செய்தி: 1880இல் இங்கிலாந்து மண்ணில் முதலாவது டெஸ்ட் ஆட்டத்தை ஒழுங்குசெய்தவரும் இதே அல்கொக்தான்.

முதலாவது ஆண்டு

அக்காலத்திற் சங்கத்தில் ஐம்பது வரையான கழகங்கள் அங்கம் வகித்தன. அவற்றுட் கிண்ணத்துக்குப் பெயர் கொடுத்தவை பதினைந்தே. தகுதி காண் சுற்று என்று ஒன்று அப்போது இல்லை. சங்கத்தின் அங்கத்தவராக இருத்தலே போதிய தகுதி. அந்தப் பதினைந்தில் ஒன்று ஒரு பாடசாலை. லிங்கன்சயர் மாகாணத்து டொனிங்ரன் பாடசாலை. மற்றொன்று ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக் குயின்ஸ் பார்க் கழகம்.

குலுக்கலில் இவ்விரண்டுமே முதற் சுற்றில் எதிரெதிராக வந்தன. எங்கே ஆடுவது என்பதில் உடன்பாடு காண முடியவில்லை, தூரம் அத்தகையது. ஆகவே இரண்டையும் அடுத்த சுற்றுக்கு அனுப்பினார்கள். பின்னர் டொனிங்ரன் விலகிக்கொண்டது. குயின்ஸ் பார்க் ஓர் ஆட்டந்தானும் ஆடாமல் அரையிறுதிக்கு வந்து சேர்ந்தது. கிளாஸ்கோவிலிருந்து இலண்டன் செல்லும் செலவுக்குப் பொதுமக்களிடம் பணஞ் சேர்த்தே அவர்கள் புறப்பட்டனர். 1872 மார்ச் மாதத்தில் வாண்டரர்ஸ் கழகத்துடன் ஆடிய அரையிறுதி கோல் எதுவுமின்றிச் சமநிலையில் முடிந்தது. மறு ஆட்டம் ஆடவேண்டும். அதற்கு இலண்டனில் தங்கவேண்டும். தங்குவதற்குக் கையிற் பணமில்லை. தோல்வியையே காணாத அக்கழகம் ஊர் திரும்பியது. வாண்டரர்ஸ் இறுதியாட்டத்துக்குச் சென்றது.

வாசகர்கள் இந்நிகழ்ச்சியை மனத்தில் இருத்திக்கொள்வார்களாக. கிண்ணத்தின் முதலாண்டிலேயே இரண்டு உண்மைகள் வெளிப்பட்டுவிட்டன. தூரத்திலுள்ளவனுக்குச் சலுகை காட்டாவிட்டால் அவன் வரவே முடியாது என்பது ஒன்று. சலுகை காட்டி உள்ளே அழைத்தபின்னும் பணமில்லாதவன் வாயிலுக்குள் நிற்க முடியாது என்பது மற்றொன்று.

1872 மார்ச் 16ஆந் திகதி, கெனிங்ரன் ஓவல் மைதானத்தில், ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் முன்னிலையில் முதலாவது இறுதியாட்டம் நடைபெற்றது. கோல் கம்பங்களுக்கு மேலே மரச்சட்டம் இல்லை, ஒரு நாடாதான். கோல் விழுந்தவுடன் இரு அணியினரும் திசை மாறி நிற்பர். றோயல் என்ஜினியர்ஸ் என்னும் இராணுவ அணியே வெல்லும் எனப் பலரும் நம்பியிருந்தனர். ஆட்டந் தொடங்கிச் சிறிது நேரத்தில் அவ்வணியின் கிறெஸ்வெல் என்பவருக்குத் தோளெலும்பு முறிந்தது. மாற்று வீரர் என்னும் வழக்கம் இல்லாத காலம் அது. அவர் களத்தை விட்டு நீங்காது இறுதிவரை நின்றார். மோட்டன் பெற்ஸ் என்பவர் அடித்த ஒரே கோலினால் அல்கொக் தலைமை தாங்கிய வாண்டரர்ஸ் வென்றது. அந்தச் சிறிய வெள்ளிக் கிண்ணத்தின் விலை இருபது பவுண் வரையில். அதற்குக் குயின்ஸ் பார்க் கழகமும் ஒரு கினி நன்கொடை வழங்கியிருந்தது.

ஒரே ஆண்டு வாழ்ந்த விதி

இப்பொழுது என் ஆசிரியர் கூறிய செய்திக்கு வருவோம். இப்போட்டியின் பெயரே ‘அறைகூவற் கிண்ணம்’ என்பதாகும். கிண்ணத்தை வைத்திருப்பவனை மற்றவர்கள் அறைகூவி அழைக்கவேண்டும் என்பதே முதற் கருத்து. ஆதலால் 1872–73ஆம் ஆண்டுப் போட்டியில் வாண்டரர்ஸ் வேறெந்த ஆட்டமும் ஆடாமல் நேரே இறுதியாட்டத்துக்குச் சென்றது. மைதானத்தைத் தெரிவுசெய்யும் உரிமையும் அதற்கே கிடைத்தது. ஒக்ஸ்போட் பல்கலைக்கழக அணி சுற்றுக்களைக் கடந்து களைத்து வந்து, இரண்டு கோல்களினால் தோற்றது.

அடுத்த ஆண்டு அவ்விதி நீக்கப்பட்டது. இன்றுவரை அது மீண்டும் வரவில்லை. வென்றவனும் மறு ஆண்டு குலுக்கற் பைக்குள் மற்றவர்களோடு ஒருவனாகவே கிடக்கவேண்டும். தொடங்கியவர்கள் தவறினார்கள்; ஆனால் ஓராண்டுக்குள் திருந்தினார்கள். என் ஆசிரியர் கூறாது விட்ட பாதி இதுவே.

கனவான்களிடமிருந்து தொழிலாளரிடம்

முதற் பத்தாண்டுகளிற் கிண்ணம் பெரும்பாலும் இலண்டனையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த கனவான்களின் கையிலேயே சுழன்றது. இராணுவ அதிகாரிகளும் பல்கலைக்கழக மாணவர்களும் உயர்தரப் பாடசாலைகளின் பழைய மாணவர்களுமே ஆடினர். ஆனால் வாயில் திறந்திருந்தது. வடபுலத்துப் பஞ்சாலை நகரங்களிற் சனிக்கிழமை பிற்பகல் ஓய்வு பெற்ற தொழிலாளர்களும் பந்தை எடுத்துக்கொண்டனர்.

1883 மார்ச் 31ஆந் திகதி ஓவல் மைதானத்திற் பிளக்பேண் ஒலிம்பிக் என்னும் அணியும், ஈற்றன் பாடசாலைப் பழைய மாணவரின் ஓல்ட் ஈற்றோனியன்ஸ் அணியும் சந்தித்தன. ஒருபுறம் நெசவாளர், நூற்பாளர், உலைக்களத் தொழிலாளர். மறுபுறம் கின்னெயார்ட் பிரபு முதலிய உயர்குடியினர். மேலதிக நேரத்தில் ஒலிம்பிக் 2–1 என வென்றது. வெற்றிக் கோலை அடித்த கொஸ்ற்லி ஒரு நூற்பாலைத் தொழிலாளி. அன்று தொட்டு இன்றுவரை முழுக்க முழுக்கப் பொழுதுபோக்கு வீரரைக் கொண்ட எந்த அணியும் அக்கிண்ணத்தை வெல்லவில்லை.

வேலைக்குச் செல்லாத நாளுக்குக் கூலியில்லாத மனிதன் பணம் வாங்காமல் எவ்வாறு ஆட முடியும் என்னும் வினா உடனே எழுந்தது. 1884இல் பிரெஸ்ரன் நோத் எண்ட் கழகம் வீரர்களுக்குப் பணங் கொடுத்ததென்று எதிரணி முறையிட, அக்கழகம் போட்டியிலிருந்து விலக்கப்பட்டது. ஆனால் 1885 யூலையிற் சங்கமே பணம் பெற்று ஆடுவதைச் சட்டபூர்வமாக்கியது. இதில் ஒரு துயரமும் உண்டு. வாயிலை உடைத்துத் திறந்த பிளக்பேண் ஒலிம்பிக், வீரர்களுக்குச் சம்பளங் கொடுக்க வகையின்றி 1889இல் கலைந்து போயிற்று.

தகுதிச் சுற்றுப் பிறந்த கதை

1871இல் பதினைந்து கழகங்கள். 1883–84இல் நூறு கழகங்கள். வந்தவர்களையெல்லாம் ஒரே பையிலிட்டுக் குலுக்கினால் என்ன நேரும் என்பதை 1887 ஒக்டோபர் 15ஆந் திகதி உலகம் கண்டது. அன்று முதற் சுற்றிற் பிரெஸ்ரன் அணி ஹைட் என்னும் சிறு கழகத்தை 26–0 என்று வென்றது. அப்போட்டியில் அதனை மிஞ்சிய வெற்றி இன்றுவரை இல்லை. இது வென்றவனுக்கும் பெருமையன்று; தோற்றவனுக்கும் பாடமன்று.

1888ஆம் ஆண்டு ஏப்ரலில் பன்னிரண்டு கழகங்கள் கூடி லீக் போட்டியை ஆரம்பித்தன. லீக் கழகங்களுக்கு வாரந்தோறும் ஆட்டம் நிச்சயமாயிற்று. பலவீனமான அணிகளுடன் பல சுற்றுக்கள் ஆட அவற்றுக்கு நேரமில்லை. ஆகவே 1888–89ஆம் ஆண்டிலிருந்து சங்கம் புதுமுறை ஒன்றைப் புகுத்தியது. பெரும்பாலான கழகங்கள் முதலிற் பிரதேசவாரியாகத் தகுதிச் சுற்றுக்களில் ஆடவேண்டும். அவற்றில் எஞ்சுவோர், விதிவிலக்குப் பெற்ற வலிய கழகங்களுடன் சேர்ந்து, 32 அணிகளாக ‘முதலாம் சுற்று’க்கு வருவர். இன்றும் இங்கிலாந்தில் ஒரு கழகம் தகுதிச் சுற்றை எத்தனை முறை தாண்டினாலும், “முதலாம் சுற்றுக்கு வந்தோம்” என்று சொல்வதையே பெருமையாகக் கொள்ளும். ஆறு சுற்றுக் கடந்தபின் ‘முதலாம்’ சுற்று வருவது வெளியாருக்கு வேடிக்கையாகத் தோன்றும். அதன் காரணம் இந்த வரலாறே.

லீக் கழகமாயினும் விதிவிலக்குப் பிறப்புரிமையாகக் கிடைக்கவில்லை. லீக்கின் நிறுவனக் கழகங்களில் ஒன்றான ஸ்ரோக் அவ்வாண்டு தகுதிச் சுற்றிலேயே ஆட நேர்ந்தது. வோறிக் கவுண்டி என்னும் சிறு அணி அதனை 2–1 என்று வெளியேற்றியது. ‘யானையை வீழ்த்திய எறும்பு’ என்று இன்று பத்திரிகைகள் கொண்டாடும் வகையான வெற்றிகளுள் இதுவே முன்னோடி எனலாம்.

இன்றைய படிமுறை

லீக்கின் பிரிவுகள் பெருகியபின் 1925–26இல் ஏற்பட்ட அமைப்பே சிற்சில மாற்றங்களுடன் இன்றும் நிலைபெறுகின்றது. இங்கிலாந்தின் கழகங்கள் யாவும் கோபுரம் போன்ற அடுக்கில் அமைந்துள்ளன. உச்சியிற் பிரீமியர் லீக். அடியில் கிராமத்துக் கழகங்கள். ஒன்பதாம் படிவரையும், இடமிருந்தாற் பத்தாம் படியிலும் உள்ள கழகங்கள் விண்ணப்பிக்கலாம். மைதானம் சங்கத்தின் பரிசோதனையில் தேறவேண்டும். மின்னொளி விளக்குகள் இருக்கவேண்டும். இவ்வாறு ஆண்டுதோறும் எழுநூறுக்கு மேற்பட்ட கழகங்கள் சேருகின்றன. 2011–12இல் அத்தொகை 763 ஆக உயர்ந்திருந்தது.

ஓகஸ்ட் மாதத் தொடக்கத்தில், வெயில் தணியுமுன்னரே, மேலதிக முன்னோடிச் சுற்று ஆரம்பமாகும். அதன்பின் முன்னோடிச் சுற்று. அதன்பின் நான்கு தகுதிச் சுற்றுக்கள். எட்டாம், ஒன்பதாம் படிகளிலுள்ளோர் முன்னோடிச் சுற்றுக்களில் நுழைவர். ஏழாம் படியினர் முதலாந் தகுதிச் சுற்றிலும், ஆறாம் படியினர் இரண்டாவதிலும், ஐந்தாம் படியினர் நான்காவதிலும் வந்து கலப்பர். பிரயாணச் செலவைக் குறைக்கும் பொருட்டு இச்சுற்றுக்களிற் குலுக்கல் பிரதேசவாரியாகவே நடைபெறும்.

நான்காம் தகுதிச் சுற்றில் வென்ற 32 கழகங்களுடன், மூன்றாம் நான்காம் படிகளிலுள்ள 48 கழகங்களும் சேர, 80 கழகங்கள் முதலாம் சுற்றில் ஆடும். இரண்டாம் சுற்றின் முடிவில் இருபது எஞ்சும். அப்பொழுதுதான், சனவரி மாதத்தில், முதலிரண்டு படிகளிலுள்ள 44 பெருங் கழகங்களும் இறங்கி வரும். 20உம் 44உம் கூட 64. அங்கிருந்து இரண்டின் மடங்காய்க் குறைந்து, மே மாதத்தில் வெம்பிளி மைதானத்தில் இரண்டே நிற்கும்.

கணக்குப் பார்ப்போம். பெருங் கழகம் ஒன்று கிண்ணத்தைப் பெற ஆறு ஆட்டங்களை வென்றாற் போதும். அடியிலிருந்து புறப்படும் கழகம் பதினான்கு வெல்லவேண்டும். ஆறும் பதினான்கும் ஒன்றல்ல. ஆயினும் மூன்றாம் சுற்றிலே குலுக்கற் பைக்குள் விழுந்துவிட்டாற் பின்னர் பெரியவன் சிறியவன் என்னும் பேதமில்லை. முன்னணியினரைப் பிரித்து வைக்கும் வழக்கமும் இல்லை. எவனுக்கு எவன் என்பதையும், யாருடைய மைதானம் என்பதையும் குலுக்கலே தீர்மானிக்கும். நீண்ட வழி, ஆனால் அடையாத வாயில். இதுவே அம்முறையின் சாரம்.

படியேறி வந்தோர்

லீக் தோன்றியபின் அதற்குப் புறம்பான ஒரு கழகம் கிண்ணத்தை வென்றது ஒரே முறை. 1901இல், தென் லீக்கில் ஆடிய ரொட்டன்ஹாம் ஹொட்ஸ்பர், ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கூடிய இறுதியாட்டத்தில் ஷெபீல்ட் யுனைட்டெட்டுடன் 2–2 எனச் சமநிலை கண்டு, மறு ஆட்டத்தில் 3–1 என வென்றது. மற்றவர்கள் கிண்ணத்தை வெல்லவில்லை. ஆனால் மறக்க முடியாத நாட்களை வென்றார்கள்.

1949 சனவரி 29ஆந் திகதி யோவில் என்னும் சிற்றூரின் அணி, ஒரு பக்கஞ் சரிந்த தன் மைதானத்தில், முதற் பிரிவுச் சண்டர்லண்ட் அணியை 2–1 என வென்றது. அன்று கோல் காத்தவர் வழக்கறிஞர் காரியாலயத்தில் எழுதுவினைஞர். வழக்கமான காப்பாளர் காயமுற்றதால் இடம் பெற்றவர். அடுத்த சுற்றில் மன்செஸ்ரர் யுனைட்டெட்டிடம் எட்டுக் கோல் வாங்கியது வேறு விஷயம்.

தகுதிச் சுற்றின் பெருமையை முழுதும் காட்டுவது 1977–78ஆம் ஆண்டுப் பிளைத் ஸ்பார்ட்டன்ஸ் அணியின் பயணம். வடகிழக்குக் கரையில், நிலக்கரிச் சுரங்கமும் துறைமுகமும் உடைய ஊர் அது. முதலாந் தகுதிச் சுற்றிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறி, நான்காம் சுற்றில் ஸ்ரோக் சிற்றி அணியை அதன் மைதானத்திலேயே 3–2 என வீழ்த்தி, எட்டு வெற்றிகளுடன் ஐந்தாம் சுற்றை அடைந்தது. அங்கே ரெக்ஸ்ஹாம் அணியுடன் சமநிலை கண்டு, நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் பார்த்த மறு ஆட்டத்தில் 1–2 எனத் தோற்றது.

2016–17இல் ஐந்தாம் படியிலிருந்த லிங்கன் சிற்றி நான்காம் தகுதிச் சுற்றில் ஆரம்பித்து, பிரீமியர் லீக்கின் பேண்லி அணியையும் வென்று காலிறுதி வரை சென்றது. லீக்கிற்குப் புறம்பான அணியொன்று காலிறுதியை அடைந்தது 1914இன் பின் அதுவே முதன்முறை. 2021 சனவரியில், எட்டாம் படியிலிருந்த மரீன் கழகம் ஏழு சுற்றுக்களைக் கடந்து வந்து ரொட்டன்ஹாமைச் சந்தித்தது. தொற்றுநோய்க் காலமாதலால் மைதானத்திற் பார்வையாளர் இல்லை. ஆனால் உள்ளே செல்ல முடியாத ஆட்டத்துக்கே முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் நுழைவுச்சீட்டு வாங்கினார்கள். ஐந்து கோலால் தோற்ற மரீன், பல ஆண்டுகளுக்குப் போதுமான பணத்துடன் தலைநிமிர்ந்து நின்றது.

இவற்றையெல்லாஞ் சொல்லும்போது மூடிக்கிடந்த ஒரு வாயிலையும் மறைத்தல் தகாது. 1920 டிசம்பர் 26ஆந் திகதி லிவர்பூல் நகரில் மகளிர் உதைபந்தாட்டம் ஒன்றைப் பார்க்க ஐம்பத்து மூவாயிரம் பேர் வந்தனர். மறு ஆண்டே, தன் கழகங்களின் மைதானங்களில் மகளிர் ஆடலாகாதென்று சங்கம் தடை விதித்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அத்தடை நீடித்தது. மகளிருக்கான கிண்ணப் போட்டி 1970–71இலேதான் ஆரம்பமாயிற்று.

பிரான்சு தேசத்தின் வழி

இங்கிலாந்தைப் பார்த்து 1917–18இல் கிண்ணப் போட்டி ஆரம்பித்த பிரான்சு, தகுதிமுறையில் ஒரு நல்ல விதியைச் சேர்த்திருக்கின்றது. குலுக்கலில் முதலில் வந்த கழகம் எதுவாயினும், எதிரணி இரண்டு படியோ அதற்கு மேலோ தாழ்ந்ததாயின் ஆட்டம் தாழ்ந்த அணியின் மைதானத்துக்கு மாற்றப்படும். சிறியவனுக்குத் தன் வீட்டு முற்றம் என்னும் பலமாவது கிடைக்கட்டும் என்பதே நோக்கம். கடல் கடந்த ஆட்சிப்பகுதிகளின் கழகங்களுக்கும் அங்கே தகுதிச் சுற்று உண்டு. தமிழர் வழித்தோன்றல்கள் பலர் வாழும் றீயூனியன் தீவிலிருந்து சென்ற ஓர் அணி, 2020 சனவரியில் பிரான்சின் இரண்டாம் படிக் கழகமொன்றை வென்று கடைசி முப்பத்திரண்டில் ஒன்றாக நின்றது.

2000ஆம் ஆண்டில் நான்காம் படியிலிருந்த கலே என்னும் துறைமுக நகரின் அணி இறுதியாட்டம் வரை வந்து, ஆட்டம் முடியுந் தறுவாயிற் பெனால்டி ஒன்றினால் நாந்த் அணியிடம் 1–2 எனத் தோற்றது. கிண்ணத்தைப் பெறச் சென்ற நாந்த் தலைவர் லான்றோ, தோற்ற அணியின் தலைவரையும் அழைத்து இருவருமாகவே அதனைத் தூக்கினார். எந்த விதியும் அவரை அவ்வாறு செய்யச் சொல்லவில்லை.

மறு ஆட்டம் மறைந்த கதை

இறுதியாக, அண்மைக்காலத்து மாற்றமொன்று. சமநிலையில் முடிந்தால் மறு ஆட்டம் ஆடுவது இக்கிண்ணத்தின் நெடுநாள் வழக்கம். 1971 நவம்பரில் நான்காந் தகுதிச் சுற்றில் அல்வ்சேர்ச் என்னும் கிராமத்து அணியும் ஒக்ஸ்போட் சிற்றியும் ஆறு முறை ஆடின. பதினொரு மணித்தியால ஆட்டத்தின் பின் ஒரே கோலினால் அல்வ்சேர்ச் வென்றது. அடுத்த சுற்றிலே தோற்றுப் போயிற்று. இவ்வளவு நீளம் வேண்டியதில்லையென்று பின்னர் மறு ஆட்டத்தை ஒன்றாக மட்டுப்படுத்தினார்கள். அது நியாயமே.

ஆனால் 2024–25 முதல், முதலாம் சுற்றிலிருந்து மறு ஆட்டம் அடியோடு நீக்கப்பட்டது. அன்றைக்கே மேலதிக நேரமும் பெனால்டியும். ஐரோப்பியப் போட்டிகள் பெருகியதாற் பெருங் கழகங்களுக்கு நாள் போதவில்லை என்பது காரணம். தங்களைக் கேளாமலே முடிவெடுத்தார்கள் என்று கீழ்ப்படிக் கழகங்கள் பல முறையிட்டன.

அவர்களுடைய முறையீட்டின் பொருளை இரண்டு ஆட்டங்கள் விளக்கும். 1972 பெப்ரவரி 5ஆந் திகதி, தென் லீக் அணியான ஹெறிபோட், முதற் பிரிவு நியூகாசில் அணியை 2–1 என வென்றது. தச்சுத் தொழிலாளியான ரட்போட் என்பவர் சேற்று நிலத்தில் வெகு தூரத்திலிருந்து உதைத்த கோலை இன்றும் தொலைக்காட்சியிற் காட்டுகிறார்கள். அது ஒரு மறு ஆட்டம். அதே ஆண்டு ஹெறிபோட் லீக்கிற் சேர்த்துக்கொள்ளப்பட்டது. 2005 சனவரியிலோ, கடனில் மூழ்கி இரசிகர்களாலேயே நடத்தப்பட்ட எக்ஸிற்றர் சிற்றி, மன்செஸ்ரர் யுனைட்டெட்டின் பெரிய மைதானத்தில் 0–0 எனச் சமநிலை கண்டது. மறு ஆட்டத்தில் தோற்றாலும், இரண்டு ஆட்டங்களின் வருமானம் கழகத்தைக் கடனிலிருந்து மீட்கப் பெரிதும் உதவியது. பெரியவனுக்கு இடைஞ்சலான ஒரு புதன்கிழமை இரவு, சிறியவனுக்கு ஒரு தலைமுறையின் வாழ்வாகவும் இருக்கலாம்.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து யான் கற்றது இதுவே. எல்லோரும் ஒரே தூரம் ஓடவேண்டும் என்பதில்லை. அது நடைமுறைக்கும் ஒவ்வாது. எழுநூறு கழகங்களை ஒரே நாளிற் குலுக்கினால் ஹைட்டின் கதி பலருக்கு வரும். விதிவிலக்கு வேண்டியதுதான். ஆனால் விதிவிலக்குகள் இரு வகை. குயின்ஸ் பார்க்கை ஆடாமல் மேலே அனுப்பியதும், பிரான்சில் மைதானத்தை மாற்றிக் கொடுப்பதும் ஒரு வகை. அவை வர முடியாதவனை வரச் செய்கின்றன. 1873இல் வாண்டரர்ஸ் நேரே இறுதிக்குச் சென்றதும், 2024இல் மறு ஆட்டம் நீங்கியதும் மறு வகை; அவை ஏற்கெனவே உள்ளே இருப்பவனின் களைப்பைக் குறைக்கின்றன. முதல் வகையைப் பெருக்கி இரண்டாம் வகையை ஆண்டுதோறும் கேள்வி கேட்பதே போட்டி நடத்துவோரின் கடமை.

எங்கள் சங்கங்களிலும் போட்டிகள் நடக்கின்றன. விளையாட்டு மட்டுமன்று, பேச்சுப் போட்டியும் பண்ணிசைப் போட்டியும் உண்டு. தூரத்துக் கிராமத்துப் பிள்ளை பஸ் காசு இல்லாமல் வராதிருந்தால், அவன் தோற்றவன் அல்லன். நாம் வாயிலைச் சாத்தியவர்கள். பெரியோர்கள் இதனை மனங்கொள்வார்களாக. இளைஞர்களாகிய நாமோ, வழி நீண்டதென்று வாயிலில் நின்று திரும்பாதிருப்போமாக. ஓகஸ்ட் மாத வெயிலில் இருநூறு பேர் முன்னிலையில் ஆடப்படும் ஆட்டமும், மே மாதத்தில் வெம்பிளியில் ஆடப்படும் ஆட்டமும் ஒரே கிண்ணத்துக்குரியவை. 1871இல் பெயர் கொடுத்த பதினைவருள் மார்லோ, மெய்டன்ஹெட் என்னும் இரு கழகங்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் தகுதிச் சுற்றுக்களில் ஆடி வருகின்றன. ஒருமுறையேனும் அவை கிண்ணத்தை வென்றதில்லை. ஆயினும் ஆண்டுதோறும் பெயர் கொடுக்கின்றன.

என் விளையாட்டாசிரியரை மீண்டும் சந்தித்தால், “தொடங்கினவர்கள் அப்படித்தான் செய்தவர்கள் சேர், ஆனால் அடுத்த வருஷமே விட்டிட்டார்கள்” என்று சொல்வேன். அவர் சிரிப்பார், அடுத்த ஆண்டுக் குலுக்கலில் ஐந்து இல்லங்களின் பெயரையும் ஒரே பையிற் போடுவார் என்றே நம்புகிறேன்.